அசையாத சிகரம்

அன்றைக்கு நான் விட்டது ஆறு சொட்டா எட்டுச் சொட்டா என்று இன்றுவரை தெரியாது. எண்ணவில்லை. இரவு ஷிப்ட் முடியப் போகிற நேரம். மருந்துத் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் எனக்குக் கீழே ஆறு மாத ஒப்பந்தத்தில் வேலை செய்த ஒரு பெண், காலைச் சோதனைக்கான கரைசலை இரண்டு லிட்டர் பாட்டிலில் கலந்து, வடிகட்டி, சீட்டு ஒட்டி வைத்துவிட்டு முகம் கழுவப் போயிருந்தாள். சீட்டில் அவள் கையெழுத்தில் 'பி.எச். 7.0' என்று இருந்தது. எனக்கு ஒரு கெட்ட பழக்கம். யார் எதைச் செய்து வைத்தாலும் இன்னொரு தடவை பார்க்காமல் இருக்க முடியாது. மீட்டரின் கண்ணாடி முனையைக் கழுவி, பாட்டிலுக்குள்ளேயே விட்டுப் பார்த்தேன். 8-ஐத் தாண்டிக் காட்டியது.

மறந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். தூக்கக் கலக்கத்தில் பி.எச்.சைச் சரிசெய்யாமலேயே மெத்தனாலை ஊற்றியிருப்பாள், பாவம். கூப்பிட்டுச் சொன்னால் முழுவதையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து செய்யணும். அவளுக்கு ஏழு மணிக்கு பஸ். நானே பாஸ்பாரிக் அமிலத்தை எடுத்து, சொட்டுச் சொட்டாக விட்டு, கலக்கி, எண்ணை 7.0-க்குக் கொண்டுவந்தேன். மூடியை மூடினேன். பதிவேட்டில் எழுதவில்லை. அவளிடமும் சொல்லவில்லை. ஒரு சின்னப் பெண்ணுக்கு உதவி செய்துவிட்ட திருப்தியோடு பசியாறப் போனேன்.

அந்தச் சில சொட்டுகளால் என்ன ஆனது என்று சொல்வதற்கு, அந்தப் பாட்டில் எதற்கு என்று சொல்ல வேண்டும். கொஞ்சம் வேதியியல் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாத்திரையைப் பொடித்துக் கரைத்தால் அதில் மருந்து மட்டும் இருக்காது. தயாரிப்பில் மிச்சமாகிப்போனது, உடைந்துபோனது, மருந்தின் சாயலிலேயே பிறந்த வேறொன்று என்று ஒரு சிறு கூட்டமே இருக்கும். அவற்றைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எவ்வளவு என்று சொல்வதுதான் எங்கள் வேலை. 1903-இல் வார்சாவில் மிகாயில் ஸ்வெட் என்ற ருஷ்யத் தாவரவியலாளர் இதற்கான அடிப்படை யோசனையை ஓர் அறிவியல் சங்கத்தில் சொன்னார். தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயின் தலையில் இலைச்சாற்றை ஊற்றி, மேலே கரைப்பானை விட்டுக்கொண்டே இருந்தால், சாறு இறங்க இறங்கப் பச்சை ஒரு பட்டையாகவும் மஞ்சள் வேறொரு பட்டையாகவும் பிரிந்து நிற்கும். தூளோடு அதிகம் ஒட்டுவது பின்தங்கும், ஒட்டாதது முந்தும். 1906-இல் அதற்குக் குரோமடோகிராபி, அதாவது நிறத்தால் எழுதுவது, என்று பெயர் வைத்தார். ருஷ்ய மொழியில் அவருடைய குடும்பப் பெயருக்கே நிறம் என்றுதான் பொருள். தன் பெயரைத் தானே அதற்குள் ஒளித்துவைத்தாரா என்று யோசித்திருக்கிறேன்.

இன்று நாங்கள் பயன்படுத்தும் குழாய் எஃகால் ஆனது. என்னுடையது 15 சென்டிமீட்டர் நீளம், உள்விட்டம் 4.6 மில்லிமீட்டர். அதன் ஆங்கிலப் பெயரைத் தமிழில் எழுதினால் 'காலம்' என்று வந்து தொலைக்கிறது. "என் காலம் அடைத்துக்கொண்டது", "அவள் காலத்தைக் கழற்றினாள்" என்றெல்லாம் எழுத நேரும் என்பதால் குழாய் என்றே சொல்லிவிடுகிறேன். உள்ளே சிலிக்கா மணிகள், ஒவ்வொன்றும் 5 மைக்ரான். மணிகளின் மேல் 18 கார்பன் நீளமுள்ள சங்கிலிகளை முடிபோல நட்டிருப்பார்கள். எண்ணெய் தடவிய மணல் என்று நினைத்துக்கொள்ளலாம். தண்ணீரும் மெத்தனாலும் கலந்த கரைசலை ஒரு பம்ப் அதன் வழியாக அழுத்தித் தள்ளும். எண்ணெய்க்குணம் உள்ள மூலக்கூறுகள் அந்த முடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நிதானமாக வரும். தண்ணீரை விரும்புபவை சீக்கிரம் வெளியே வந்துவிடும். வெளியே ஒளி உணர்வி ஒன்று காத்திருக்கும். ஏதாவது ஒன்று கடந்துபோனால் திரையில் ஓடும் கோடு ஏறி இறங்கும். அந்த மேட்டைத்தான் சிகரம் என்கிறோம். எத்தனையாவது நிமிடத்தில் சிகரம் வருகிறது என்பது அந்தப் பொருளின் அடையாளம்.

அந்த வாரம் நாங்கள் சோதித்துக்கொண்டிருந்தது அமிட்ரிப்டிலின். 1961-இல் அமெரிக்காவில் மனச்சோர்வுக்கான மருந்தாக அனுமதி பெற்றது. இப்போது குறைந்த அளவில் நரம்பு வலிக்கும் கொடுக்கிறார்கள். என் பெரியம்மா சர்க்கரை நோயால் கால் எரிகிறது என்று ராத்திரியில் சாப்பிடும் சின்ன மாத்திரையும் அதுதான். வேதியியல்படி அது ஒரு காரம். பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். அறிவியல் பாடத்தில் அமிலம், காரம், நடுமை. பூஞ்சுத்தாளை எலுமிச்சைச் சாற்றில் நனை, சவர்க்கார நீரில் நனை, சீனித் தண்ணீரில் நனை, நிறத்தைப் பார்த்து அட்டவணையில் எழுது. நடுமைக்கு எந்தத் தாளும் நிறம் மாறாது. அதனால் அந்தக் கட்டத்தை நிரப்ப எங்கள் வகுப்பில் யாருக்கும் ஆர்வம் இருந்ததில்லை.

காரம் என்பது, எங்கள் தொழில் பாஷையில், புரோட்டானைப் பார்த்தால் பிடித்துக்கொள்கிற மூலக்கூறு. அமிட்ரிப்டிலினில் ஒரு நைட்ரஜன் இருக்கிறது. சுற்றிலும் அமிலத்தன்மை அதிகம் என்றால் அந்த நைட்ரஜன் ஒரு புரோட்டானைப் பிடித்துக்கொண்டு நேர்மின்னூட்டம் பெற்றுவிடும். மின்னூட்டம் வந்ததும் அதன் குணமே மாறிவிடும். எண்ணெய் முடியைப் பிடித்துத் தொங்காது, தண்ணீரோடு கிளம்பி ஓடும். சுற்றிலும் அமிலத்தன்மை குறைவு என்றால் புரோட்டான் இல்லை, மின்னூட்டம் இல்லை, முடியில் தொங்கிக்கொண்டு மெதுவாக வரும். ஒரே மூலக்கூறு, ஒரே குழாய். கரைசலின் பி.எச். மட்டும் மாறினால் நாலு நிமிடத்தில் வந்தது பதினைந்து நிமிடத்தில் வரும்.

ஒவ்வொரு காரத்துக்கும் ஓர் எண் உண்டு, பி.கே.ஏ. என்று பெயர். கரைசலின் பி.எச். அந்த எண்ணோடு ஒத்துப்போகும் இடத்தில் பாதி மூலக்கூறுகள் மின்னூட்டத்தோடும் பாதி இல்லாமலும் இருக்கும். அங்கிருந்து ஒரு பி.எச். நகர்ந்தால் விகிதம் பத்து மடங்கு மாறும். பி.எச்.சை ஒரு பக்கமும் சிகரம் வரும் நேரத்தை இன்னொரு பக்கமும் வைத்துக் கோடு போட்டால் நீட்டி இழுத்த 'எஸ்' வடிவம் கிடைக்கும். இரண்டு முனையும் தட்டை, நடுவில் செங்குத்தான ஏற்றம். தட்டையான இடத்தில் வேலை செய்தால் பி.எச். அளப்பதில் சின்னப் பிழை நேர்ந்தாலும் சிகரம் அசையாது. ஏற்றத்தில் நின்றால் 0.1 பிழைக்கும் அது இடம் மாறிவிடும். பி.கே.ஏ.வில் இருந்து குறைந்தது இரண்டு எண்ணாவது தள்ளி நில் என்பது இந்தத் தொழிலில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம்.

இன்னொரு தொல்லையும் இருக்கிறது. 18 கார்பன் சங்கிலி பருமனானது. சிலிக்கா மணியின் மேற்பரப்பில் உள்ள எல்லா இடங்களிலும் அதை நட முடியாது, ஒன்றை ஒன்று இடிக்கும். கிட்டத்தட்ட பாதி இடம் மொட்டையாகவே நின்றுவிடும். அந்த மொட்டை இடங்களுக்கு சிலனால் என்று பெயர், அவை லேசான அமிலங்கள். பி.எச். 4-க்கு மேல் போகப்போக அவை எதிர்மின்னூட்டம் பெற ஆரம்பிக்கும். நம்முடைய காரமோ நேர்மின்னூட்டத்தோடு வருகிறது. சொல்ல வேண்டுமா? போகிற வழியில் பிடித்து நிறுத்திக்கொள்ளும். எல்லா மூலக்கூறுகளையும் ஒரே மாதிரி நிறுத்தினால்கூடப் பரவாயில்லை, சிலதை மட்டும் நிறுத்தி மெதுவாக விடும். அதனால் சிகரம் செங்குத்தாக ஏறி, இறங்கும்போது வழுக்கிக்கொண்டே போகும். இதற்கு வால் என்று பெயர். அந்த வாலுக்கு அடியில் ஒரு சின்னக் கலப்புப் பொருள் ஒளிந்திருந்தால் யாருக்கும் தெரியாது. அழகு பார்த்து நாங்கள் வாலை வெறுக்கவில்லை, அதற்கடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் போவதால் வெறுக்கிறோம்.

அமிட்ரிப்டிலின் இந்த விஷயத்தில் அவ்வளவு பேர்போனது. அமெரிக்காவின் தர அளவீட்டு நிறுவனம் குழாய்களைச் சோதித்துப் பார்ப்பதற்கென்றே தயாரித்த 870 எண்ணிட்ட கலவையில், பி.எச். 7-இல் வால் எவ்வளவு நீளம் என்று பார்ப்பதற்காக அமிட்ரிப்டிலினைத்தான் சேர்த்திருக்கிறார்கள். நாங்கள் விற்கிற மருந்து, உலகத்துக்கே குழாயைத் திட்டுவதற்கான உதாரணம்.

தப்பிக்க வழிகள் உண்டு. பி.எச்.சை 2.5 பக்கம் இறக்கினால் சிலனால்கள் மின்னூட்டம் இழந்து அடங்கிவிடும். காரம் முழுக்க மின்னூட்டத்தோடு, எஸ் கோட்டின் தட்டையான அடிப்பகுதியில் நிற்கும். சீக்கிரம் வெளியே வந்துவிடும்தான். மெத்தனாலைக் குறைத்துப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். அல்லது மேலே 10, 11 என்று போகலாம். அங்கே காரத்துக்கு மின்னூட்டமே இல்லை, சிலனாலுக்குப் பிடிக்க ஆள் இல்லை. ஆனால் 8-க்கு மேல் சாதாரண சிலிக்காவே கரைய ஆரம்பித்துவிடும். சிலிக்காவோடு கரிமப் பகுதியையும் கலந்து செய்த, அதைத் தாங்குகிற மணிகளை வாட்டர்ஸ் நிறுவனம் 1999-இல் கொண்டுவந்தது. அதற்கு முன்பெல்லாம் ட்ரைஎத்திலமீன் என்ற இன்னொரு காரத்தைக் கரைசலில் ஊற்றி, சிலனால்களின் வாயை அதைக்கொண்டு அடைத்து வைப்பார்கள். கெட்டுப்போன மீன் வாடை. மூடியைத் திறந்தால் ரெண்டு நாளைக்குக் கையில் இருக்கும்.

எங்களுடைய முறை இந்த இரண்டும் இல்லை. பழைய முறை, நடுவில் நின்றது. பாஸ்பேட் கரைசல், பி.எச். 7.0, அதோடு பாதிக்கும் மேலே மெத்தனால். யாரோ எப்போதோ எழுதியது. பதிவு பெற்ற முறையை மாற்றுவது என்றால் ஒழுங்குமுறை அமைப்பிடம் விண்ணப்பித்து, ஆதாரம் காட்டி, காத்திருக்க வேண்டும். ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்று விட்டிருந்தார்கள்.

இனி அந்தப் பாட்டிலுக்கு வருகிறேன். முறையில் எழுதியிருந்தது இதுதான்: பாஸ்பேட்டைத் தண்ணீரில் கரை, பி.எச்.சை 7.0-க்குக் கொண்டுவா, பிறகு மெத்தனாலோடு கல. அவள் அப்படியே செய்திருந்தாள். தண்ணீரில் இருந்தபோது அது 7.0-தான். மெத்தனால் சேர்ந்த பிறகு அதே கரைசலில் மீட்டரை விட்டால் 8-க்கு மேல்தான் காட்டும். மெத்தனாலுக்கு நடுவே பாஸ்பேட் அவ்வளவு எளிதாகப் புரோட்டானை விடாது, பலம் குறைந்த அமிலமாகிவிடும். மேலும் நாங்கள் மீட்டரைச் சரிபார்ப்பது 4, 7, 10 என்ற மூன்று தண்ணீர்க் கரைசல்களை வைத்து. மெத்தனாலுக்குள் அது காட்டும் எண்ணுக்குத் தண்ணீரில் உள்ள அதே பொருள் கிடையாது. 1909-இல் கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பர்க் மதுபான ஆலையின் ஆய்வுக்கூடத்தில், சோரன்சன் பி.எச். என்ற அளவை உருவாக்கியபோது அவர் மனதில் இருந்தது தண்ணீர்தான்.

இது எனக்குத் தெரியாததில்லை. கல்லூரியில் படித்தேன், தேர்வில் எழுதினேன். ஆனால் விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கண்ணெதிரே 8-க்கு மேல் ஓர் எண்ணும் சீட்டில் 7.0-உம் இருந்தபோது, சந்தேகம் அந்த எண் மேல் வரவில்லை. அவள் மேல்தான் வந்தது. இதை எழுதத் தொடங்கிய பிறகுதான் இந்த வாக்கியம் எனக்குள் இவ்வளவு தெளிவாக வந்திருக்கிறது.

தண்ணீரில் கணக்குப் போட்டால் அமிட்ரிப்டிலினின் பி.கே.ஏ. 9.4. பி.எச். 7-இல் அது கிட்டத்தட்ட முழுக்க மின்னூட்டத்தோடு, பத்திரமான தட்டைப் பகுதியில் இருக்கிறது என்றுதான் தோன்றும். மெத்தனால் இந்தக் கணக்கையும் கலைத்துவிடுகிறது. பாஸ்பேட்டின் எண்ணை மேலே தள்ளுகிறது, காரத்தின் எண்ணைக் கீழே இழுக்கிறது. இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்து பக்கத்தில் வந்து நிற்கும். காகிதத்தில் சமதரையில் இருந்த முறை, குழாய்க்குள் செங்குத்து ஏற்றத்தில் நின்றுகொண்டிருந்தது. அங்கேதான் நான் அமிலத்தை விட்டேன்.

காலையில் ஓட்டினார்கள். 17-ஆவது நிமிடத்தில் வர வேண்டிய அமிட்ரிப்டிலின் 11-இல் வந்தது. அதற்குச் சற்று முன்னால் தனியாக நிற்க வேண்டிய சைக்ளோபென்சாப்ரின் அதன் தோளில் ஏறிக்கொண்டது. அமிட்ரிப்டிலினைவிட இரண்டு ஹைட்ரஜன் மட்டும் குறைந்த கலப்புப் பொருள் அது, அதுவும் காரம்தான். வால் நீண்டு கிடந்தது. சோதனை தோல்வி. ஒரு நாள் வேலை போச்சு. விலகல் அறிக்கை எழுத வேண்டும், அதில் 'மூலக் காரணம்' என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும்.

கூட்டத்தில் ஐந்து பேர் இருந்தோம். பத்து நிமிடத்துக்குள் மேலாளர் காரணம் கண்டுபிடித்துவிட்டார். மெத்தனால் அதிகமாகிவிட்டது. மெத்தனால் கூடினால் எல்லாம் சீக்கிரம் வரும், பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. கலந்தது யார்? அவள். அளவுக் குடுவையைச் சரியாகப் பார்த்தாயா என்று கேட்டார். "பார்த்தேன்" என்றாள். எத்தனை மணிக்கு? "அஞ்சு மணி இருக்கும்." தூக்கத்தில் இருந்தாயா? அவள் பதில் சொல்லவில்லை. தூக்கத்தில் இல்லாதவர் யார் அந்த நேரத்தில்? கட்டத்தில் 'ஹியூமன் எரர்' என்று எழுதினார்கள். எங்கள் தொழிலில் எந்தக் கட்டத்திலும் பொருந்துகிற வார்த்தை அது. நடந்ததைச் சொல்லாமலேயே கட்டத்தை நிரப்பிவிடும்.

அச்செடுத்த கோடு மேசை மேல் இருந்தது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 6-ஆவது நிமிடத்தில் ஒரு சின்னச் சிகரம். டைபென்சோசுபெரோன். அமிட்ரிப்டிலினைத் தயாரிக்கத் தொடங்குகிற மூலப்பொருள், சில நேரம் துளி மிஞ்சிவிடும். அது ஒரு கீட்டோன். அமிலமும் இல்லை, காரமும் இல்லை. நடுமை. பி.எச். எங்கே போனாலும் அதற்குக் கவலையில்லை. ஆனால் மெத்தனால் கூடியிருந்தால் அதுவும் முன்னால் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நேற்று எங்கே இருந்ததோ அங்கேயே நின்றது. காரங்கள் இரண்டும் ஓடிவந்திருக்கின்றன, நடுமை நின்ற இடத்தில் நிற்கிறது. அப்படியென்றால் மெத்தனால் சரி, பம்ப் சரி, குழாய் சரி. பி.எச். மட்டும்தான் தப்பு. அவள் தொட்ட எதிலும் தப்பில்லை. நான் தொட்டதில்தான்.

எனக்கு அது புரிய அரை நிமிடம்கூட ஆகவில்லை. வயிற்றுக்குள் ஏதோ இறங்கியது. வாயைத் திறந்தால் போதும், "6-ஆவது நிமிஷத்தப் பாருங்க" என்று ஒரே வரி. நான் செய்ததைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. மெத்தனால் இல்லை என்று மட்டும் சொல்லியிருக்கலாம். ஆனால் அடுத்த கேள்வி பி.எச். எப்படி மாறியது என்பதாக இருக்கும். பதிவேட்டில் எழுதாமல் கரைசலில் கை வைப்பது எங்கள் தொழிலில் ஏறக்குறையத் திருட்டு. அந்த மாதம் எனக்குப் பதவி உயர்வு வரவேண்டியிருந்தது. வீட்டுக் கடன் கையெழுத்தாகி மூன்று மாதம். இதையெல்லாம் அந்த நேரத்தில் வரிசையாக யோசித்தேன் என்று சொன்னால் பொய். வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான். காரணங்களைப் பிறகு சேர்த்துக்கொண்டேன்.

அவளுடைய ஒப்பந்தம் முடிந்தபோது புதுப்பிக்கவில்லை. அந்த அறிக்கைதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. தெலுக் இந்தானில் இருந்து வந்து காஜாங்கில் அறை எடுத்துத் தங்கியிருந்தவள். கடைசி நாள் எனக்கு ஒரு பெட்டி பலகாரம் கொண்டுவந்து கொடுத்தாள். "நெறைய கத்துக்கிட்டேன்கா" என்றாள். நான் பெட்டியை வாங்கிக்கொண்டேன்.

இலக்கியம் வாசிக்கிறவர்களுக்கு இந்த இடத்தில் கை துறுதுறுக்கும் என்று தெரியும். காரம், நடுமை, சூழல் மாறினால் குணம் மாறுவது, எல்லாவற்றையும் மனிதர்களாக்கிவிடலாம். எனக்கு அதில் இஷ்டமில்லை. மூலக்கூறுக்கு வேறு வழி கிடையாது. எனக்கு இருந்தது.

அடுத்த வருடம் நான் அந்த முறையை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். பிராயச்சித்தம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதற்காக ஏணிப்படி போட்டுப் பார்த்தோம். 2.5, 3, 4, பிறகு 6.5, 6.8, 7.0, 7.2, 7.5, எல்லாமே மெத்தனாலுக்கு முன்னால் தண்ணீரில் அளந்தது. 2.5-க்கும் 3-க்கும் நடுவில் சிகரம் அசையவே இல்லை. 6.8-இல் இருந்து 7.2-க்குப் போனபோது நிமிடக் கணக்கில் நகர்ந்தது. அந்தக் கோட்டை வரைந்து முடித்தபோது வந்தது சந்தோஷமா என்று தெரியவில்லை. அப்படிப்பட்ட ஏற்றத்தில் நிறுத்திவைத்த முறையில், ராத்திரி ஷிப்டில், ஒப்பந்தக்காரப் பெண் ஒருத்தியைக் கலக்கச் சொல்லிவிட்டு, வழுக்கினால் ஹியூமன் எரர் என்று எழுதுகிறோம். புதிய முறை பி.எச். 2.5-இல் இருக்கிறது. வால் இல்லை. சைக்ளோபென்சாப்ரின் தனியாக நிற்கிறது. பாராட்டுக் கடிதம் கொடுத்தார்கள், அதில் என் பெயர் மட்டும்.

பழைய அறிக்கை கோப்பில் அப்படியே இருந்தது.

போன வருடம் காஜாங்கில் ஒரு மாமாக் கடையில் அவளைப் பார்த்தேன். அவள்தான் என்னை முதலில் பார்த்துக் கையை ஆட்டினாள். ஷா ஆலாம் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் நிரந்தர வேலை, இருமல் மருந்துகளைச் சோதிக்கிறாளாம். தே ஓ வந்து ஆறிப்போகும் வரைக்கும் வேறு என்னென்னவோ பேசினோம். பிறகு சொல்லிவிட்டேன். நன்றாகச் சொல்லவில்லை, முன்னும் பின்னுமாகத்தான் சொன்னேன். பாட்டில், மீட்டர், 8, அமிலம்.

அவள் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள்.

"கீட்டோன் அசையலியேக்கா. அன்னிக்கே பார்த்தேன். மெத்தனால் இல்லன்னு தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"யாருகிட்ட? நீங்க இருந்தீங்கல்ல அங்க. உங்களுக்குத் தெரியாதான்னு நெனச்சேன். அக்காவே சொல்லலன்னா நம்ம புரிஞ்சிக்கிட்டதுதான் தப்புன்னு நெனச்சிக்கிட்டேன்."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. கோபப்படுவாள் என்று எதிர்பார்த்து அதற்காக என்னைத் தயார்செய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். இதற்குத் தயாராகவில்லை. ஆறு மாதம் வேலை செய்த ஒரு பெண், தன் கண்ணால் சரியாகக் கண்டதை, என் மௌனத்தைப் பார்த்துத் தப்பு என்று முடிவு செய்திருக்கிறாள். வேலை போனதைவிட இதுதான் பெரிய நஷ்டம் என்று எனக்குப் படுகிறது. அவளுக்கு அப்படிப் படுகிறதா என்று கேட்கவில்லை.

"ரிப்போட்ட மாத்திட்டீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"மாத்துங்க," என்றாள். தே ஓவுக்கு அவளே காசு கொடுத்துவிட்டு எழுந்தாள்.

முடிந்துபோன அறிக்கையைத் திருத்த முடியாது, ஆனால் பின்னிணைப்பு சேர்க்கலாம். இரண்டு பக்கம் எழுதினேன். அச்செடுத்த கோட்டின் பிரதியை வைத்து, 6-ஆவது நிமிடத்தை வட்டம் போட்டுக் காட்டி, கரைசலில் அமிலம் சேர்த்தது யார் என்று என் பெயரைப் போட்டு, தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. எதிர்பார்த்ததைவிடச் சின்னது. நான்கு வருடத்துக்கு முன்னால் பயந்ததற்கு அது போதவே போதாது என்றுகூடத் தோன்றியது. அவளுக்கு யாரும் எதுவும் எழுதப் போவதில்லை என்று தர உறுதிப் பிரிவில் சொல்லிவிட்டார்கள், அவள் இப்போது ஊழியர் இல்லையாம். நானே வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல நிறத்தில் இரண்டு கோடு வந்தது. பதில் வரவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, அவளிடமிருந்து ஒரு படம். குளோர்பெனிரமின், இருமல் மருந்தில் போடுவது, அதுவும் காரம்தான். சிகரம் ஏறி, இறங்கும்போது வழுக்கிக்கொண்டே போயிருந்தது. கீழே ஒரு வரி: "வால் விடுதுக்கா, என்னா பண்ணலாம்?"

குழாய் பழசா புதுசா என்று கேட்டேன். புதுசு என்றாள். பி.எச். எவ்வளவு? 6.8. கீழே இறக்கிப் பார், 3-க்குள் போ, மெத்தனாலைக் குறை என்று எழுதினேன். அனுப்பிவிட்டு இன்னொன்றும் கேட்டேன். "6.8 எப்ப அளந்தது? கலக்கறதுக்கு முன்னாடியா பின்னாடியா?"

"முன்னாடிதான்," என்று வந்தது. பிறகு இன்னொரு வரி. "நான் எப்பவும் முன்னாடிதான்கா."